கோமாளியின் சிபாரிசு

பதுளை நகரிலும் அதைச் சூழ்ந்த ஊவாத் தோட்டப் புறங்களிலும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றிப் பலரும் விசாரணையின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு, எது உயர்ந்தது, எது படிக்கத்தக்கது, எது பார்க்கத்தக்கது என்று பிறருக்கு எடுத்துச் சொல்லும் யோக்கியதை இல்லை என்பதே அது. ஹாஸ்ய நடிகர் ஒருவர் வாரந்தோறும் தமக்குப் பிடித்த ஒரு நூலையோ, ஒரு பாட்டையோ, விநோதமான ஒரு செய்தியையோ கையிலெடுத்து, "இதைப் பாருங்கள், இதைக் கேளுங்கள்" என்று ஆசையோடு அழைத்தால், அவர் உதிர்த்த வேடிக்கையை மட்டும் பெற்றுக்கொண்டு, அந்தச் சிபாரிசை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போகிறோம். அதே நூலை ஒரு பிரசங்கியாரோ, ஒரு பேராசிரியரோ, ஒரு தொழிற்சங்கத் தலைவரோ சொன்னால், அவர் அதன் முதற்பக்கத்தைத் தாண்டியிருக்கிறாரா என்றுகூடக் கேளாமல் தலையசைக்கிறோம். இந்த அபிப்பிராயம் முற்றிலும் பிழையானது. பிழையானது மாத்திரமன்று, மலையகத்தில் வாழும் நமக்கு நெடுங்காலமாகத் தீங்கு செய்து வந்திருப்பதுமாகும்.

நமக்கு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு, "இது நல்லது" என்று சொன்னவர்கள் எல்லோரும் அப்படிச் சொல்வதோடு நிற்காதவர்களாகவே இருந்தார்கள். பெரட்டுக் களத்தில் துரை நல்லதென்று சொன்னால் அது கட்டளை. மீறினால் அன்றைய பெயர், அதாவது அன்றைய கூலி, இல்லை. கங்காணி நல்லதென்று சொன்னால் அதன் பின்னால் கடன் கணக்கு நின்றது. மேடை போட்டு நல்லதென்று சொன்னவர்களுக்குச் சந்தாவோ வாக்கோ தேவைப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களுக்கு, 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, அதையும் நல்லதென்றே சொன்னார்கள். பங்கிடப்பட்டவர்களில் ஒருவரிடமும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. இவ்வளவு நல்லதுகளைச் சுமந்து வந்த ஒரு சமூகத்தில், உத்தரவிட அதிகாரமும், தண்டிக்க வலிமையும், பிடித்துக்கொள்ளக் கூலியும் இல்லாமல், கேட்பவனுடைய மனம் தானாக இசைந்தாலன்றித் தன் சொல் செல்லாது என்ற நிலையில் நின்று பேசியவன் ஒருவனே. அவன்தான் கோமாளி.

மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றிய லயத்து முற்றங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும், தப்பு முழங்க, தீப்பந்த வெளிச்சத்தில் ரதியும் மன்மதனும் ஆடிவரும் அந்தக் கூத்தில், கோமாளி இடையில் வந்து குதித்துப் போகும் ஒரு வெறும் உருவமன்று. தூரத்து இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு தூங்கி விழுகிறவனை எழுப்பி, இனி வரப்போவது இன்ன இடம், இந்த இடத்தில் ரதியின் புலம்பலைக் காது கொடுத்துக் கேள் என்று கூட்டத்தின் கவனத்தை வேண்டிய திசைக்குத் திருப்புகிறவன் அவனே. துரையின் நடையையும் கணக்கப்பிள்ளையின் குரலையும் அவன் எடுத்துக்காட்டும்போது சனங்கள் சிரிப்பது உண்மைதான். ஆனால் அடுத்த கணத்தில் சிவனுடைய நெற்றிக்கண் திறக்க, மன்மதன் எரிந்து, ரதி அழும்போது அதே சனங்கள் கண்ணீர் விடுவதற்கு அவர்களைப் பக்குவப்படுத்தி வைத்தவன் யார்? சிரித்து இளகிய மனத்தில்தான் அந்தச் சோகம் இறங்குகிறது. எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார் என்பதை நம்முடைய பண்டிதர்கள் மாணவருக்கு ஒப்புவிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் நகை செய்கிறவனைக் கடைசியில் நிறுத்துகிறார்கள்.

கூத்துக் கோமாளி படிப்பறியாதவன், அவனுடைய ரஸனை கிராமத்து ரஸனை, அதைப் பொதுவிதியாக்கலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆகவே படித்தவர்களுடைய உலகத்துக்கே போவோம். 1928இல் 'ஏட்டிக்குப் போட்டி' என்ற ஹாஸ்யக் கட்டுரையோடு ஆனந்த விகடனுக்குள் நுழைந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, பிற்காலத்துச் சரித்திர நாவல்களால் இன்று அறியப்படுகிறாராயினும், அந்நாளைய வாசகனுக்கு அவர் முதன்மையாக ஒரு ஹாஸ்ய எழுத்தாளரே. அவர்தாம் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில், 'ஆடல் பாடல்' என்ற தலைப்பின் கீழ், எந்தக் கச்சேரி கேட்கத்தக்கது, எந்த நாட்டியம் பார்க்கத்தக்கது, எந்த நாடகத்தில் எந்த இடம் சோபித்தது என்று விகடன் வாசகர்களுக்கு இதழ்தோறும் சொல்லி வந்தார். சங்கீத வித்வத் சபைகளின் பரிபாஷை தெரியாத லட்சக்கணக்கானோர், தாங்களும் பாட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தை அந்தப் பக்கங்களிலிருந்து பெற்றார்கள். தமிழிசை இயக்கம் எழுந்தபோது அவர் அதன் பக்கம் நின்று எழுதியதற்கு இருந்த செல்வாக்கில், வாரந்தோறும் அவர் சிரிக்கச் சிரிக்கச் சம்பாதித்திருந்த நம்பிக்கையின் பங்கு சிறிதன்று. வித்துவான்களுடைய கண்டனம் வித்துவான்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஹாஸ்யகாரரின் பாராட்டு ஊர் ஊராகப் போயிற்று. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். விகடனும் பிறகு கல்கி பத்திரிகையும் அந்தப் பாதையில் ஏறி வந்து, தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் கையிலும், கிளாக்கர் வீட்டிலும், படிக்கத் தெரிந்த ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட லயத்துக் கூட்டங்களிலும் உலாவின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வாரந்தோறும் என்பது அற்ப விஷயமன்று. வாழ்க்கையில் ஒரு முறை மேடையேறி ஒரு நூலை வானளாவப் புகழ்ந்துவிட்டு இறங்கிவிடுகிற பிரமுகருக்கு, அந்தப் புகழ்ச்சி பொய்யென்று தெரியவந்தாலும் நஷ்டமில்லை. அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஹாஸ்யகாரனோ அடுத்த வாரமும் அதே சனங்களின் முன்னால் வந்து நிற்க வேண்டியவன். சென்ற வாரம் அவன் சொல்லிப் பார்த்த படம் உப்புச்சப்பில்லாமல் இருந்திருந்தால், இந்த வாரம் அவனுடைய வேடிக்கைக்கும் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரிப்பைக் கடனுக்கு வாங்க முடியாது, கைதட்டலைப்போல மரியாதைக்காகவும் பெற முடியாது; அது அந்தக் கணத்திலே வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இவ்வளவு கடுமையான பரீட்சைக்கு வாரா வாரம் தன்னை உட்படுத்திக்கொள்ளும் வேறொரு விமர்சகனை எனக்குத் தெரியாது.

இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி, அவரும் அவருடைய கூட்டாளிகளும் நடித்த 'கோமாளிகள் கும்மாளம்' இந்தப் பரீட்சையில் தேறியது. மரைக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் பேசிய பேச்சைக் கேட்பதற்காகக் கடையிலும் லயத்திலும் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றிச் சனங்கள் கூடினார்கள். அந்தப் பாத்திரங்களின் பெயர்கள் நடிகர்களின் பெயர்களுக்கு முன்னால் பட்டங்களாகவே ஒட்டிக்கொண்டன. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அதைக் கேட்டவர்கள் பொழுதுபோக்கை மட்டுமே பெற்றார்கள் என்பவர், அதில் என்ன நடந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. முஸ்லிம் மக்களின் தமிழும், யாழ்ப்பாணத்துத் தமிழும், சிங்களவர் பேசும் தமிழும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தால் எவ்வளவு ரசமாயிருக்கும் என்பதை, தேசிய ஒற்றுமை பற்றிய எந்தச் சொற்பொழிவும் சிபாரிசு செய்யாத விதத்தில், அந்த நாடகம் இந்நாட்டு மக்களுக்குச் சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசை நாடு ஏற்றிருந்தால் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தனார் சரித்திரத்தின் சாயலில் அவர் அமைத்துக்கொண்ட 'கிந்தனார்' காலட்சேபத்தில், தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனுக்குப் பதிலாக, படிக்க ஏங்குகிற ஒரு தாழ்த்தப்பட்ட சிறுவன் வருகிறான். அடிபட்டு ஊரை விட்டுப் போய், கற்று, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்புகிறான். அந்தக் காலட்சேபம் 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. லயத்தின் ஓர் அறையிலே, ஒற்றை ஆசிரியரோடு, நாலைந்து வகுப்புக்களைச் சேர்த்து நடத்திய தோட்டப் பள்ளிக்கூடங்கள் இருந்த அந்த நாட்களில், 'பிள்ளை படித்து என்ன செய்யப்போகிறது, கொழுந்தெடுக்கத்தானே போகிறது' என்று துரைமாரும் நம்மவருமே பேசிக்கொண்டிருந்த சூழ்நிலையில், கல்வி வேண்டும் என்று சொன்ன எத்தனையோ உபதேசங்கள் காற்றோடு போயின. கிந்தனுடைய கதையைக் கேட்டுச் சிரித்த ஒரு தகப்பன், தன் மகனைப் பார்க்கும் பார்வை மாறாமல் வீடு திரும்பியிருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன். அவனை யாரும் அதட்டவில்லை, வெட்கப்படுத்தவில்லை. நல்லதொரு பொருளை அவன் முன்னால் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவனுடைய சுதந்தரம் என்று கலைவாணர் ஒதுங்கி நின்றார்.

சிரிக்கிறவனுக்குத் துயரத்தின் ஆழம் தெரியாது, ஆகையால் மகத்தானவற்றை அவன் இனங்காணமாட்டான் என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல, நம்முடைய தோட்டங்களைப் பற்றிய எழுத்தே போதுமானது. 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த 'துன்பக்கேணி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த ஒரு பெண்ணின் அழிவைச் சொல்லும் கதை. அதன் கொடுமையைத் தாங்கிப் படிப்பது இன்றைக்கும் எளிதன்று. அதை எழுதியவர், தமிழ் எழுத்துலகத்தில் கிண்டலுக்கும் கேலிக்கும் பெயர்பெற்ற புதுமைப்பித்தன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்முடைய துன்பத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்த அந்தக் கண், போலியைக் கண்டால் சிரிக்கும் கண்ணேதான். பிறர் கௌரவமாகப் போர்த்தி மூடி வைத்திருப்பதைக் கண்டு நகைக்கத் தெரிந்தவனுக்கு, அந்தப் போர்வைக்குள்ளே கிடக்கும் வேதனையும் தெரிகிறது. நகைக்கத் தெரியாதவன் போர்வையையே வணங்கிவிட்டுப் போய்விடுகிறான்.

எதிர்த்தரப்பில் நியாயமான ஆக்ஷேபங்களும் உண்டு. அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. வியாபாரிகளும் வேடிக்கையைக் கையாளுகிறார்கள் என்பது ஒன்று. இதற்கு ஊவாவைவிடப் பொருத்தமான சாட்சி வேறில்லை. 1890இல் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கிய தோமஸ் லிப்டன், அதற்கு முன்னரே கிளாஸ்கோ நகரில், தம் கடைக்கு விளம்பரம் கட்டிய பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டும், நாணயங்களைப் புதைத்த பிரமாண்டமான பாற்கட்டியைக் காட்சிக்கு வைத்தும் சனங்களை இழுத்தவர். மேனாட்டார் நம்முடைய மலைத் தேயிலையைத் தம் வீட்டுக்குள் கொண்டுபோனதில் அந்த வேடிக்கைக்காரரின் சாமர்த்தியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் தேயிலையைக் கிள்ளிய விரல்களைப் பற்றி எந்த விளம்பரமும் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இது வியாபாரத்தின் குற்றம், நகைச்சுவையின் குற்றமன்று. தான் விற்கும் சரக்கைப் புகழ்கிறவனுக்கும், தனக்கு ஒரு சதமும் வராத பிறருடைய படைப்பைக் கண்டு மகிழ்ந்து, அந்த மகிழ்ச்சியைத் தனியே வைத்துக்கொள்ளப் பொறாமல் பகிர்கிறவனுக்கும் உள்ள வேற்றுமையைச் சாதாரண வாசகன் அறிவான். இன்றைக்குக் கைப்பேசியில் வரும் ஹாஸ்யகாரர்களிலே கூலிக்குப் புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விலக்குவதற்கு வேண்டியது விவேகம், ஹாஸ்யத்தின்மீது பொதுவான இகழ்ச்சியன்று.

மற்றோர் ஆக்ஷேபம் இதைவிடக் கனமானது. எளியவரைக் கேலி செய்தே பிழைக்கிற கோமாளிகள் எத்தனை பேர்! கறுத்த நிறத்தையும், மனைவியையும், திக்குவாயையும் வைத்துச் சிரிப்பூட்டும் சினிமாக் காட்சிகள் எவ்வளவு! 'தோட்டக்காட்டான்' என்ற வசையைச் சொல்லிச் சிரித்த வாய்களை மலையகத்தார் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. அத்தகையவன் எதைச் சிபாரிசு செய்தாலும் நான் ஏற்கமாட்டேன். ஆயினும் இங்கும் நாம் அவனை நிராகரிப்பது அவன் சிரிக்க வைத்தான் என்பதற்காகவன்று. யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பதற்காக. துக்ளக் பத்திரிகையை 1970இல் தொடங்கிய ஹாஸ்ய நடிகர் சோ ராமசாமியை நினைத்துப் பாருங்கள். ஈழத் தமிழர் விவகாரத்தில் அவர் கொண்ட நிலைப்பாட்டை இந்நாட்டுத் தமிழரிற் பலர் கடுமையாக வெறுத்தார்கள். அவருடைய வாதங்களை எடுத்து வைத்து மறுத்தவர்கள் ஒரு கடமையைச் செய்தார்கள். 'கூத்தாடிக்கு என்ன தெரியும்' என்று ஒரே வார்த்தையில் தள்ளியவர்களோ அவருடைய வாதத்துக்குப் பதிலே சொல்லவில்லை. ஒருவனுடைய சொல் தவறென்றால் தவறு எங்கே இருக்கிறதென்று காட்ட வேண்டும். தொழிலைச் சொல்லி வாயை அடைப்பது, சாதியைச் சொல்லி வாயை அடைத்த பழைய வழக்கத்தின் உடன்பிறப்பு.

அட்டையையும் ஆசிரியர் பெயரையும் பார்த்து நூலை மதிக்கிற, மாலையையும் பொன்னாடையையும் பார்த்துப் பேச்சை மதிக்கிற பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் நம்முடைய ரஸனை அப்படிப் பிறர் கைபிடித்து நடத்த வேண்டிய ரஸனையன்று. ஹாலிஎல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பை வளர்த்த மண் இது.

ஆகவே என் வேண்டுகோள் திட்டமானது. பாடசாலைக் காலைக்கூட்டங்களில் வாரத்துக்கு ஒரு நாள், வகுப்பிலேயே அதிகமாகச் சிரிக்க வைக்கிற பிள்ளையை அழைத்து, அந்த வாரம் அது கண்டவற்றில், கேட்டவற்றில், படித்தவற்றில் மிகவும் பிடித்தது எது, ஏன் பிடித்தது என்று சொல்லச் செய்யுங்கள். குறும்புக்காரன் என்று பின்வரிசையில் உட்காரவைத்திருக்கும் அந்தப் பிள்ளை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறது என்பதை ஆசிரியர்களே கண்டுகொள்வார்கள். வாசிகசாலைகளில் ஹாஸ்ய நூல்களைச் சிறுவர் அலுமாரிக்குள் தள்ளாமல், யாழ்ப்பாணத்தில் சிவஞானசுந்தரம் பல்லாண்டு பாடுபட்டு நடத்திய 'சிரித்திரன்' இதழ்கள் கிடைக்குமானால் தேடிச் சேர்த்து, பெரியவர்களுடைய நூல்களோடு வையுங்கள். காமன் கூத்தை மேடைக்காக ஒரு மணி நேரத்துக்குச் சுருக்குகிற இளைஞர்கள், ரதியின் ஆட்டத்தில் வேண்டுமானால் இரண்டு சுற்றுக்களைக் குறைத்துக்கொள்ளட்டும். கோமாளியின் பகுதியில் கை வைக்க வேண்டாம்.