நேரேஷன் இல்லாத கணக்கும், கமெண்ட் இல்லாத கோடும்

பி.காம் படிக்கிற பையனுக்கு பைதான் எதுக்குடான்னு வகுப்புல கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டீங்க. இந்தப் பதிவு அதுக்கான பதில் இல்லை. ஆனா பி.காம் படிச்சதாலதான் இந்தப் பதிவை எழுத முடிஞ்சது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க ஊர் நாமகிரிப்பேட்டை. மஞ்சளுக்குப் பேர் போன ஊர். விரலி, உருண்டை, பனங்காளின்னு ரகம் பிரிச்சு மூட்டை மூட்டையா ஏலத்துக்கு வரும். என் மாமா மஞ்சள் வியாபாரி. காலேஜ் சேர்ந்த முதல் வருஷம், அவரோட எடைச் சீட்டு, பில் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வருஷவாரியா அடுக்கி வைக்க பைதான்ல ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதுல கோப்புகளோட பாதையைக் கவனிச்சுக்க மட்டும் தனியா ஒரு கிளாஸ். அதுல ஒரு ஃபங்ஷன். அதுக்கு நான் எழுதின கமெண்ட் இதுதான்:

"இரண்டு பாதைகளையும் சேர்த்துத் தரும்."

அவ்வளவுதான். ஒரு வரி. எழுதும்போது பெருமையாகூட இருந்துச்சு, கமெண்ட் எல்லாம் போடுறோமேன்னு :-)

2023-24 கணக்கு வருஷம் ஆரம்பிச்சப்போ நான் ஊர்ல இல்லை. மாமா பையன், ப்ளஸ் டூ படிக்கிறவன், புது வருஷத்துக்கான ஃபோல்டரை அவனே சேர்த்தான். என் கமெண்ட்டைப் படிச்சுட்டுத்தான் சேர்த்தான். முதல் பாதை "டி:\பேக்கப்". இரண்டாவது பாதைக்கு அவன் கொடுத்தது "/2023-24/ஏலம்". முன்னாடி ஒரு சாய்கோடு. அது ஒண்ணுதான் வித்தியாசம்.

பைதானோட ஓஎஸ்.பாத்.ஜாயின் என்ன செய்யும் தெரியுமா? இரண்டாவது பாதை சாய்கோட்டுல ஆரம்பிச்சா, அது மூலத்துல இருந்து தொடங்குற பாதைன்னு எடுத்துக்கிட்டு முதல் பாதையைத் தூக்கிப் போட்டுடும். விண்டோஸ்ல டிரைவ் எழுத்தை மட்டும் விட்டு வைக்கும். ஆக, சீட்டு எல்லாம் "டி:/2023-24/ஏலம்" என்ற இடத்துக்குப் போச்சு. பேக்கப் ஃபோல்டருக்குள்ள ஒண்ணுகூடப் போகலை. பிழைச் செய்தியும் வராது, ஏன்னா அது பிழையே இல்லை. பைதான் ஆவணத்துல இந்த நடத்தை தெளிவா எழுதியிருக்கு. என் கமெண்ட்ல இல்லை.

மாமா வாரா வாரம் பேக்கப் ஃபோல்டரை பென் டிரைவ்ல காப்பி பண்ணுவார். பழைய வருஷக் கோப்புகள் உள்ளே இருந்ததால ஃபோல்டர் நிறைஞ்ச மாதிரியே இருந்துச்சு. யாருக்கும் சந்தேகம் வரலை. 2024 பிப்ரவரியில ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. பென் டிரைவைத் திறந்து பார்த்துட்டு மாமா போன் பண்ணார்.

"ஏன் சாமி, இந்த வருஷத்துது ஒண்ணுகூட இல்லையே?"

நாலு ராத்திரி உட்கார்ந்து காகிதச் சீட்டுகளைத் தேடித் திரும்ப ஏத்தினோம். சில சீட்டுல மை கலைஞ்சு எடை படிக்க முடியலை. அந்த விவசாயிகளுக்கு மாமா போன் பண்ணி, அவங்க சொன்ன எடையையே எழுதிக்கிட்டார். "நம்மகிட்ட சீட்டு இல்ல, அவங்க சொல்றதுதான் கணக்கு"ன்னார். யாரையும் திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

மாமா பையன் மேல தப்பு இல்லை. "சேர்த்துத் தரும்"னு எழுதியிருந்தேன், சேர்க்கக் கொடுத்தான். தப்பு அந்த ஒரு வரி கமெண்ட்.

சரி, இப்போ காமர்ஸுக்கு வருவோம். குறிப்பேட்டுல பதிவு போடும்போது பற்று, வரவு எழுதிட்டு கீழே நேரேஷன் எழுதணும். ரொக்கக் கணக்குக்கு வரவு வச்சுட்டு, கீழே "ரொக்கம் கொடுக்கப்பட்டது"ன்னு எழுதினா எங்க சார் அடிச்சுடுவார். "அது மேலயே தெரியுதே, எதுக்குக் கொடுத்த, யாருக்குக் கொடுத்த?"ன்னு கேட்பார். பதிவுல தெரியாததைச் சொல்லத்தான் நேரேஷன். ஃபங்ஷன் பேரே "பாதைகளைச் சேர்"னு இருக்கும்போது "பாதைகளைச் சேர்க்கும்"னு கமெண்ட் எழுதுறதும் அந்த மாதிரிதான். அடிச்சுட வேண்டியது.

அப்போ கோப்புப் பாதையைக் கையாளுற ஒரு கிளாஸுக்கு என்னதான் எழுதணும்? என் அனுபவத்துல நாலு கேள்விக்குப் பதில் இருக்கணும்.

முதல் கேள்வி: எதை வாங்கும், விதிவிலக்கு என்ன? முழுப் பாதை வந்தா என்ன ஆகும், காலி வந்தா என்ன ஆகும், கடைசியில சாய்கோடு இருந்தா என்ன ஆகும். கோப்பு வகையைத் தர்ற ஃபங்ஷன்னா புள்ளியோட தருமா, புள்ளி இல்லாமலா? பைதானின் பாத்லிப், டாட் நெட்டின் பாத் கிளாஸ் இரண்டுமே புள்ளியோடதான் தரும். தெரியாதவன் தானும் ஒரு புள்ளி போட்டு இரண்டு புள்ளி ஆக்கிடுவான்.

இரண்டாவது: வட்டைத் தொடுமா, தொடாதா? பாதை வெறும் எழுத்துச் சரம்தான். அந்த இடத்துல கோப்பு இருக்கணும்னு அவசியம் இல்லை. ஜாவாவுல ஃபைல்னு பேர் வச்ச கிளாஸ் உண்மையில கோப்பு கிடையாது, பாதைப் பேர்தான். அதோட ஆவணம் முதல் வரியிலேயே அதைச் சொல்லிடுது. 2014-ல பைதான் 3.4-ஓட வந்த பாத்லிப் இதைக் கிளாஸ் பேர்லயே பிரிச்சு வச்சுடுச்சு. பியூர்பாத் வட்டுப் பக்கமே போகாது, பாத் போகும்.

மூன்றாவது: தோத்தா எப்படிச் சொல்லும்? ஜாவாவுல பழைய ஃபைல் கிளாஸ்ல அழிக்கச் சொன்னா, முடியலைன்னா சும்மா "இல்லை"ன்னு மட்டும் திருப்பித் தரும். ஏன் முடியலைன்னு சொல்லாது. 2011-ல ஜாவா 7-ல வந்த புது முறையிலதான் காரணத்தோட பிழை எழுப்ப ஆரம்பிச்சாங்க. திருப்பித் தர்ற மதிப்பைக் கண்டிப்பா பாருன்னு கமெண்ட்ல எழுதலைன்னா யாரும் பார்க்க மாட்டாங்க.

நாலாவது, நம்ம தமிழாளுங்களுக்கு ரொம்ப முக்கியமானது: எந்த அலகுல அளக்குது? "பேர் 255 எழுத்துக்குள் இருக்கணும்"னு எழுதியிருந்தா அது எந்த எழுத்து? "நாமகிரிப்பேட்டை" நாம எண்ணினா 8 எழுத்து. யூனிகோட் குறியீட்டுல 15. யூடிஎஃப்-8-ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக 45 பைட். லினக்ஸ்ல வழக்கமான கோப்பமைப்பான இஎக்ஸ்டி4-ல ஒரு கோப்புப் பேருக்கு எல்லை 255 பைட். எங்க ஊர்ப் பேரை ஆறாவது தடவை எழுத இடம் இருக்காது. அதையே ஆங்கில எழுத்துல எழுதினா 14 பைட்தான், 18 தடவை எழுதலாம். விண்டோஸ் என்டிஎஃப்எஸ்ல பைட் கணக்கே இல்லை, யூடிஎஃப்-16 அலகுல 255. ஒரே பேர் அங்க போகும், இங்க போகாது. "255 எழுத்து"ன்னு எழுதினவர் பொய் சொல்லலை, அலகு சொல்லலை. மஞ்சள் விலையை மூட்டைக்கா குவிண்டாலுக்கான்னு சொல்லாம ஏலம் கேட்டா எப்படி இருக்கும்?

இன்னொண்ணு. "கொள்முதல்"னு ஃபோல்டர் வைக்கிறோம். அந்த "கொ"வை க-வோட ஒரே குறியா ஒகர உயிர்மெய்க் குறி போட்டும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியா போட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒண்ணு, கணினிக்கு வேற வேற. லினக்ஸ்லயும் விண்டோஸ்லயும் ஒரே பேர்ல இரண்டு ஃபோல்டர் இருக்கிற மாதிரி தெரியும். ஒப்பிடுறதுக்கு முன்னாடி பேரை ஒரே வடிவத்துக்கு மாத்துறோமா இல்லையான்னு கிளாஸ் கமெண்ட் சொல்லியே ஆகணும்.

"நல்ல பேர் வச்சா கமெண்டே வேண்டாம், கோடு மாறும், கமெண்ட் மாறாது, கடைசியில பொய் ஆயிடும்"னு ஒரு கட்சி உண்டு. பாதி உண்மை. கோடை அப்படியே திருப்பிச் சொல்ற கமெண்ட்தான் முதல்ல பொய் ஆகும். வாக்குறுதி சொல்ற கமெண்ட் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதுக்கும் பைதான்ல ஒரு வழி இருக்கு, டாக்டெஸ்ட். 2001-லயே வந்தாச்சு. கமெண்ட்டுக்குள்ள எழுதின உதாரணத்தை ஓட்டிப் பார்த்து, விடை மாறியிருந்தா சொல்லிடும். நம்ம இருப்பாய்வு மாதிரி. ஆனா இருப்பாய்வு பொருந்தினாலும் விடுபட்ட பதிவைக் காட்டாது இல்லையா? அதே மாதிரி எழுதாத உதாரணத்தை டாக்டெஸ்ட்டும் காட்டாது. அந்த ஒரு சாய்கோடு உதாரணத்தை நாமதான் எழுதணும்.

இப்போ ஏஐகிட்ட கேட்டா நொடியில கமெண்ட் எழுதித் தருதுன்னு சொல்வீங்க. தருது. கோடு என்ன செய்யுதுன்னு நம்மளை விட அழகா எழுதுது. ஆனா பேக்கப் ஃபோல்டரை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாதுங்கிற முடிவு கோட்டுல எங்கேயும் இல்லை. அது என் தலையில இருந்துச்சு, மாமா பென் டிரைவ்ல இருந்துச்சு. அதை நான் எழுதினாத்தான் உண்டு.

இப்போ அந்த ஃபங்ஷனோட கமெண்ட் இப்படி இருக்கு:

"அடிப் பாதைக்குக் கீழே உட்பாதையைச் சேர்த்துத் தரும். உட்பாதை சாய்கோட்டிலோ டிரைவ் எழுத்திலோ ஆரம்பித்தால், அல்லது இரண்டு புள்ளி மூலம் அடிப் பாதைக்கு வெளியே போனால், பிழை எழுப்பும். கோப்பு இருக்கிறதா என்று பார்க்காது, எதையும் உருவாக்காது. காரணம்: அடிப் பாதைக்குள் இருப்பது மட்டும்தான் பென் டிரைவில் நகல் ஆகும்."

கூடவே மூணு உதாரணம். கோடையும் அதுக்கு ஏத்த மாதிரி திருத்தியாச்சு. நல்ல கமெண்ட் எழுத உட்கார்ந்தா கோட்டுல இருக்கிற ஓட்டை தானா தெரிஞ்சுடுது, அது ஒரு லாபம்.

தமிழ்லயே எழுதியிருக்கேன், கவனிச்சீங்களா? 2008-ல வந்த பைதான் 3-லேர்ந்து மூலக் கோப்பு யூடிஎஃப்-8தான்னு ஆயிடுச்சு, தமிழ்ல எழுத ஒரு தடையும் இல்லை. உலகத்துக்குக் கொடுக்கிற கோடுன்னா ஆங்கிலத்துல எழுதுங்க. அடுத்து திருத்தப் போறவன் மாமா பையன்னா, அவனுக்குப் புரியுற மொழியில எழுதுங்க.

மாமா பையன் போன வாரம் அந்தக் கமெண்ட்டைப் படிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டான். "பென் டிரைவ் நிறைஞ்சு போச்சுன்னா என்ன ஆகும்னு எழுதலையே?"

எழுதணும். இன்னைக்கு ராத்திரி வேலை அதுதான்.