குறைமாதக் குழந்தையும் நிறைமொழியும்

தாயின் கருவில் ஏறத்தாழ ஆறு திங்கள் நிறைந்ததும் குழந்தையின் செவி ஒலியை உணரத் தொடங்குகிறது. அன்னையின் குரலே அது கேட்கும் முதற் பாடம். 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தை அப்பாடத்தைப் பாதியில் இழந்து, மருத்துவமனைக் கருவிகளின் ஓசைக்கிடையே வளர்கிறது. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இக்குழந்தைகளுள் பலர் பேசத் தாமதிப்பர். அப்போது நம் இல்லங்களில் இருவகைப் பிழை நிகழக் காண்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தாயை நோவது ஒன்று. 'இவன் தந்தையும் நான்கு வயதில்தான் பேசினார்' என்று வாளாவிருப்பது மற்றொன்று.

முதற் பிழைக்கு மருந்து கணக்கில் உள்ளது. பிள்ளைத்தமிழ் மரபு செங்கீரையை ஐந்தாம் திங்களுக்கும் சப்பாணியை ஒன்பதாம் திங்களுக்கும் உரியதாக்கிற்று. நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் இப்பருவ முறையைப் போற்றினர். குறைமாதக் குழந்தைக்கு இத்திங்களைப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே எண்ணுதல் வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை, ஓராண்டு நிறையும்போது ஒன்பது திங்கள் குழந்தையே ஆகும். சப்பாணி கொட்டும் பருவத்தில் சொல்லை எதிர்பார்த்து வருந்துவானேன்? இரண்டு வயது வரை இவ்வாறு கணித்தல் மருத்துவர் வழக்கம்.

இரண்டாம் பிழையே கொடியது. இவ்வாறு கணித்த பின்னும் இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைக்காகக் காத்திருத்தல் தகாது. முதற்கண் செவித்திறனை ஆய்ந்தறிதல் வேண்டும். 2013ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலவாழ்வுத் திட்டத்தின்படி மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்துள்ளன. அங்கு ஆய்வும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும். இதனை அறியாத பெற்றோர்க்கு எடுத்துரைப்பது ஊர்ப் பெரியோர் கடமையாகும்.

மேட்டூரில் பிறந்த குழந்தையை உயர் சிகிச்சைக்காகச் சேலத்திற்கு அனுப்ப நேரின், இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உண்டு. குழந்தை அங்கும் தாய் இங்குமாகப் பிரிந்திருப்பின் அக்குரல் மீண்டும் அறுபடும். கூடிய விரைவில் தாயை அருகிருத்துவதும், இயலாவிடின் தந்தையோ பாட்டியோ அருகிருந்து பேசுவதும் நலம் பயக்கும். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் நிகழ்ந்து 2014இல் வெளிவந்த சிற்றாய்வொன்றில், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மிகுதியான பேச்சைக் கேட்ட குழந்தைகள் பின்னாளில் மொழித் தேர்வில் மேம்பட்டு விளங்கினர்.

தாலாட்டைத் தொகுத்தும் ஆய்ந்தும் பட்டம் பெறுகிறோம். அத்தாலாட்டு ஒலிக்க வேண்டிய செவிகள் மருத்துவமனைகளில் காத்திருக்கின்றன. பேசாத பிள்ளையிடம் நாம் முதலில் பேசுவோமாக!