மலிவான டெண்டர் யாருடைய கூலி?

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் திருத்தணியைப் பார்க்க வேண்டும், தோழர்களே! காவடிகள் ஏறிய 365 படிகளிலும் மிதிபட்ட பூ. சரவணப் பொய்கைக் கரையிலே ஈரத் துணி. அடிவாரத் தெருக்களிலே இலை, தொன்னை, காகிதக் குவளை, பிளாஸ்டிக் பை. சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் தெலுங்கு பேசி வந்தவர்களும், காஞ்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழ் பேசி வந்தவர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். விடுதிக்காரர் பணத்தை எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டார். மிஞ்சியது குப்பை. அதை அள்ள ஒரு பெண் குனிகிறாள்.

அவளுக்கு இன்று என்ன கூலி? விடுதி முதலாளியைக் கேளுங்கள். "அது எனக்குத் தெரியாது, அவள் கண்டிராக்ட் ஆள்" என்பார். கண்டிராக்ட்காரரைக் கேளுங்கள். "முதலாளி கொடுத்தால்தானே நான் கொடுக்க முடியும்?" என்பார். இருவர் நடுவே ஒரு காகிதம் இருக்கிறது. கையெழுத்திட்டவர்கள் இருவர்; அதன் பாரத்தைச் சுமப்பவளோ மூன்றாமவள்! அந்தக் காகிதத்திலே என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"இது முதலாளிகள் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி, தொழிலாளி ஏட்டுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பவர் இருக்கலாம். வேலை இருக்கிறது. நம் தோழர்களிலே கடை வைத்திருப்போர் உண்டு. கல்யாண மண்டபம் நடத்துவோர் உண்டு. சங்கத்திலும் கூட்டுறவிலும் நகராட்சியிலும் பொறுப்பிலிருப்போர் உண்டு. டெண்டரைப் பிரிக்கும் கைகளிலே நம் கைகளும் இருக்கின்றன!

முன்பு இந்தக் காகிதத்தைவிடச் சட்டத்துக்கு வலு அதிகம் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது. 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்கவும், துடைக்கவும், காவல் காக்கவும் ஒப்பந்த ஆட்களை வைக்கக்கூடாது என்றது அது. 1996-இல் ஏர் இந்தியா வழக்கிலே உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட இடத்தில் வேலை செய்தவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்களே என்றது. ஏழைக்குக் கதவு திறந்தது!

திறந்த கதவு ஐந்தாண்டுகூடத் திறந்திருக்கவில்லை. 2001 ஆகஸ்டு 30 அன்று, உருக்காலை நிறுவனமான செயில் வழக்கிலே, ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அந்தத் தீர்ப்பை மாற்றினார்கள். 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தார்கள். பின்னர் 2020-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் மூலத் தொழிலில் ஒப்பந்த ஆள் கூடாது என்கிறது அந்தத் தொகுப்பு; ஆனால் துப்புரவு மூலத் தொழில் ஆகாது என்றும் சேர்த்தே சொல்லிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் முன்பு இருபது பேர் இருந்தாலே பொருந்தும். இப்போது ஐம்பது பேர் வேண்டும்.

சட்டம் பின்வாங்கிய இடத்திலே எஞ்சி நிற்பது எது? ஒப்பந்தக் காகிதம்தான். ஆகவே அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

முதலாவது, மொத்தத் தொகையைப் பார்க்காதே, கணக்கைப் பார்! ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஆள் பத்து, நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள். கூலி மட்டும் 1,30,000 ரூபாய். பல இடங்களில் சேர்த்து இருபது பேருக்கு மேல் வைத்திருக்கும் கண்டிராக்ட்காரர் வருங்கால வைப்புநிதிக்குத் தன் பங்காக, நிர்வாகச் செலவும் சேர்த்து, நூற்றுக்கு 13 கட்ட வேண்டும். அது 16,900. இ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு மூன்றேகால், அது 4,225. ஆக 1,51,125 ரூபாய். சோப்பு, துடைப்பம், கையுறை, போனஸ், கண்டிராக்ட்காரர் லாபம், ஜி.எஸ்.டி. எதுவும் இன்னும் சேரவில்லை.

இதே வேலையை 1,20,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். விடுதி முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. துண்டு விழும் 31,125 ரூபாய் எங்கிருந்து வரும்? கண்டிராக்ட்காரரின் பாட்டன் சொத்திலிருந்தா வரும்? பத்துப் பேர் என்று எழுதி ஏழு பேரை அனுப்புவார். கூலியில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொள்வார். வைப்புநிதி என்று சொல்லிக் கழித்த பணத்தை நிதியில் கட்டாமல் விடுவார். மலிவு என்று முதலாளி மகிழ்கிறாரே, அந்த மலிவு ஒரு தாயின் அடுப்பிலிருந்து எடுத்த கொள்ளி!

ஆகவே டெண்டரில் ஆள் எத்தனை, ஆளுக்குக் கூலி என்ன, நிதி என்ன, பொருள் என்ன, லாபம் என்ன என்று தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்பவருக்கு வேலையைத் தராதீர்கள்.

இரண்டாவது, கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்கிலே ஏழாம் தேதிக்குள் விழுந்ததா என்று பார். முந்தின மாதத்துக் கூலி போனதற்கும், வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் கட்டியதற்கும் சீட்டு காட்டினால்தான் இந்த மாதத்துப் பில் பாஸாகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு. இது முதலாளி செய்யும் தருமமல்ல; அவருக்கே பாதுகாப்பு. கண்டிராக்ட்காரர் கூலி கொடுக்கத் தவறினால் நிறுவனத்தின் உடைமையாளரே கொடுக்க வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. அங்கே இருபது, ஐம்பது என்ற கணக்கு இல்லை. "கண்டிராக்ட் ஆள், எனக்குத் தெரியாது" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இது எல்லையோர ஊர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கண்டிராக்ட்காரர் ஆந்திரத்துக்காரராக இருக்கலாம். வேலைக்கு வருகிறவர் அந்தப் பக்கத்து ஊராராக இருக்கலாம். வேலை நடக்கும் இடம் தமிழ்நாடு என்றால், தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலியே கணக்கு. ஒப்பந்தமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அதிலே தன் கூலி என்னவென்று தமிழ் பேசும் பெண்ணுக்குத் தமிழிலும், தெலுங்கு பேசும் பெண்ணுக்குத் தெலுங்கிலும் படித்துச் சொல்வது பெரிய காரியமா?

மூன்றாவது, வேலை என்ன என்பதைத் தெளிவாக எழுது. "வளாகம் முழுவதும் சுத்தமாக வைக்கப்படும்" என்பது வாக்குறுதியல்ல, வாய்ப்பந்தல். கழிவறை நாளைக்கு எத்தனை தடவை, மாடிப்படி எப்போது, தண்ணீர்த் தொட்டி எந்தக் கிழமை, திருவிழா நாளில் கூடுதல் ஆள் எத்தனை, அவர்களுக்குக் கூடுதல் கூலி எவ்வளவு என்று இடம் இடமாக எழுதினால், பெருக்குபவளுக்கும் வம்பில்லை, கேட்பவருக்கும் வம்பில்லை. கழிவறைத் துணி வேறு, சாப்பாட்டுக் கூடத்துத் துணி வேறு என்றும் எழுது; இல்லாவிட்டால் துடைப்பது அழுக்கை நீக்குவதாகாது, நோயை இடம் மாற்றுவதாகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத கழிவறையில் அதைச் சுவாசிப்பவள் பெருக்குபவள்தானே? எந்த மருந்தை எப்படிக் கையாள்வது என்ற பயிற்சியும், கையுறையும், காலணியும் கண்டிராக்ட்காரர் செலவு. அதை அவள் கூலியில் பிடிக்கக்கூடாது.

நான்காவது, செப்டிக் டாங்க். இங்கே சமரசமே கிடையாது! மனிதனை அதில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடியாக இறக்கினாலும் குற்றம், கண்டிராக்ட் மூலம் இறக்கினாலும் குற்றம். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்தே. சாக்கடையில் மூச்சடைத்து இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. இருந்தும் இந்தச் சாவுகளின் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. வெட்கம், வெட்கம்! திருவிழாவுக்கு முன்னால் தொட்டி நிரம்பினால் உறிஞ்சும் லாரி வரவேண்டும், ஆள் இறங்கக்கூடாது. இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

ஐந்தாவது, கண்டிராக்ட்காரர் மாறினால் ஆளும் மாறவேண்டுமா? 2025 ஆகஸ்டு 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன்னால் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்களே, எதற்காக? தங்கள் மண்டலத்து வேலை தனியார் கைக்குப் போகிறது, வாங்கிவந்த கூலி குறையும் என்று அஞ்சினார்கள், நிரந்தரம் கேட்டார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். அந்தப் போராட்டம் சொன்ன பாடம் சின்ன ஊருக்கும் பொருந்தும். புதிய கண்டிராக்ட்காரர் வந்தாலும் பழைய ஆட்களுக்கே முதல் வாய்ப்பு, பழைய கூலிக்குக் குறையாத கூலி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். ஆண்டுதோறும் ஒரு தெருவே அழுவது நிற்கும்.

அன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம் மக்களைக் கடன்சீட்டால் கட்டி வைத்தான் கங்காணி. 'துண்டு' என்றார்கள் அந்தச் சீட்டை. 1921-இல் அதைச் சட்டம் ஒழித்தது. கங்காணி போனான், கண்டிராக்ட்காரன் வந்தான்! வேலை வாங்குபவன் ஒருவன், கூலி கொடுப்பவன் இன்னொருவன், பொறுப்பு ஏற்பவன் ஒருவனுமில்லை என்ற அந்தப் பழைய சூழ்ச்சி மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு நடமாடுகிறது.

இந்த வேலை இன்ன சாதிக்கு என்று பிறப்பிலேயே எழுதிவைத்த நாடு இது. அந்த எழுத்தை அழிக்கப் புறப்பட்டவர்கள் நாம். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020-இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். நல்லது, பெயர் மாறியது. சம்பளச் சீட்டு கைக்கு வந்ததா? வார விடுமுறை வந்ததா? சேலை மாற்ற ஓர் அறை, குடிக்க ஒரு குவளைத் தண்ணீர் வந்ததா? மரியாதை பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தின் வரிகளிலும் இருக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர் மண்டபம், விடுதி, மருத்துவமனை, சங்கக் கட்டடம் எதுவானாலும், அங்கே துடைப்பம் பிடிப்பவரிடம் போய் மூன்றே கேள்வி கேளுங்கள்: கூலி என்ன, எந்தத் தேதியில் வருகிறது, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? பதிலை எழுதிக்கொண்டு போய் உடைமையாளர் மேஜையில் வையுங்கள். அடுத்த டெண்டர் திறக்கும்போது, தொகை குறைந்த உறையைத் தூக்கிக் காட்டுபவரிடம் உரக்கக் கேளுங்கள்: "ஐயா, இதில் குறைந்தது யாருடைய கூலி?"