விபத்து என்னும் பெயர்

வார்த்து முடிந்த மேற்தளம் சரிந்து, முள்ளந்தண்டு முறிந்த தொழிலாளி ஒருவன் வைத்தியசாலையிற் கிடக்கிறான். செய்தித்தாள் அதனை விபத்து என்கிறது. அயலார் விதி என்கின்றனர். கொந்தராத்துக்காரரோ அவனது கவனயீனம் என்கிறார். மூன்று சொற்களும் ஒரே வேலையையே செய்கின்றன: ‘பலகையைக் கழற்றச் சொன்னவர் யார்?’ என்ற வினாவை எழவிடாது தடுக்கின்றன.

கொங்கிறீற்று மாயப் பொருளன்று. நீரும் சீமெந்தும் சேர்ந்த கணத்திலிருந்து அது படிப்படியாக வலுப்பெறுகிறது. 28ஆம் நாளின் வலுவையே பொறியியலாளர் அளவுகோலாகக் கொள்வர். குளிர் மிகுந்தால் இறுகுதல் தாமதமாகும். அதுவரை பாரத்தைத் தாங்குவன அடியில் நிற்கும் முட்டுகளும் பலகைகளுமே. அவற்றை எப்போது அகற்றலாம் என்பது மாதிரிக் கட்டிகளை நசுக்கிப் பார்த்து விடைகாணத்தக்க கேள்வி. ஆனால் முட்டுக்கு நாள்வாடகை உண்டு. அதே பலகை அடுத்த தட்டுக்கும் வேண்டும். ஆதலால் விடை சோதனைச்சாலையிலிருந்து வராமற் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்துவிடுகிறது.

இது வறிய நாடுகளின் குறை, தொழில்நுட்பம் வளர்ந்தால் தானே மறையும் என வாதிப்போர் உளர். அவர்கள் ஐக்கிய அமெரிக்காவை நோக்குவாராக. 1973 மார்ச் 2ஆம் திகதி, வேர்ஜீனியாவின் பெய்லிஸ் குறொஸ்றோட்ஸில் எழுந்துகொண்டிருந்த மாடிக் கட்டடம் சரிந்து 14 தொழிலாளர் மாண்டனர், பலர் காயமுற்றனர். முட்டுகள் காலத்துக்கு முன்னரே அகற்றப்பட்டமையே காரணமென ஆய்வு கண்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1978 ஏப்ரல் 27இல், மேற்கு வேர்ஜீனியாவின் வில்லோ ஐலன்ட் மின்னிலையத்துக் குளிர்விப்புக் கோபுரத்தில், முந்திய நாள் வார்த்த கொங்கிறீற்றிலேயே அச்சுப்பலகையும் சாரமும் பிணைக்கப்பட்டுத் தொங்கின. அது பெயர்ந்தது, 51 பேர் இறந்தனர். தண்டப்பணம் 85,000 டொலருடன் விவகாரம் தீர்க்கப்பட்டது. ஓர் உயிருக்கு 1,700 டொலரும் தேறாது! தொழில்நுட்பத்தில் என்ன குறை இருந்தது அங்கே?

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு, பன்முறை திருத்தப்பட்டதுமுண்டு. தொழில்கொள்வோரின் தவறை நிரூபிக்காமலே காயமுற்றவன் நட்டஈடு கோரலாம். அது பெறுமதியான உரிமையே. எனினும் அந்த இரக்கத்துக்குள் ஒரு வசதியும் ஒளிந்துள்ளது. தவறு யாருடையது என்று கேளாமலே கோவை மூடப்படலாம். விரல் இத்தனை வீதம், கால் இத்தனை வீதம் என அட்டவணை பேசும். பலகை ஏன் முந்திக் கழற்றப்பட்டது என்பதை அது பேசாது.

அந்த உரிமையாவது கைக்கெட்டுகிறதா? பெரிய கொந்தராத்து சிறிய கொந்தராத்தாகி, அது ஒரு மேசன் பாஸிடம் வந்து, அவர் காலையிற் கூட்டிச் சென்ற நாட்கூலிக்காரனுக்கு நியமனக் கடிதம் ஏது? இடாப்பிலே பெயர் ஏது? தான் அங்கு வேலை செய்தவன் என்பதையே அவன் முதலில் நிறுவவேண்டும், அதுவும் படுக்கையிற் கிடந்தபடி. கட்டிலருகே நீட்டப்படும் சில ஆயிரம் ரூபாவை அவன் வாங்கிக்கொண்டால் அதை அறியாமை என்று இகழ்வது கற்றோர்க்கு எளிது.

பலகை கழற்ற அனுமதித்தவர் எவர், எந்தச் சோதனை முடிவின்பேரில் அனுமதித்தார் என்பன கையொப்பத்துடன் எழுதப்பட்டு, வேலைத்தளத்தில் எவரும் வாசிக்கத்தக்கதாகத் தொங்கவேண்டும், சிங்களத்திலும் தமிழிலும். வேலை தாமதமாகும் என்பர். ஆம், சில நாள் தாமதமாகும். முட்டு வாடகையும் ஏறும். அந்த வாடகையைக் கட்டடத்தின் உடைமையாளர் செலுத்தட்டும். இதுவரை அதனைச் செலுத்திவந்தவன் முட்டுக்குக் கீழே நின்றவன்.