நாற்பது சொட்டுக் கணக்கு

நான் பி.காம். டாக்டர் இல்லை. ஆனால் இந்த வார விஷயத்துக்கு டாக்டருக்கு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளைதான் தேவை. ஏனென்றால் இது அடிப்படையில் ஒரு கணக்கு. மீசை அரும்புகிற வயசில் எல்லாப் பயல்களுக்கும் யாரோ ஒரு சீனியர், கிரவுண்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுக்கிற கணக்கு.

'நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தாத்தான்டா ஒரு சொட்டு விந்து. விட்டியோ, போச்சு!'

சில ஊரில் அறுபது சொட்டு, சில ஊரில் எண்பது. தங்கம் மாதிரி ரேட் இடத்துக்கு இடம் மாறும். கூடவே 'விந்து விட்டான் நொந்து கெட்டான்' என்று எதுகையோடு ஒரு பழமொழி வேறு. எதுகை சரியாக அமைந்துவிட்டால் நம்ம ஆளுங்க எதையும் நம்பிவிடுவார்கள்.

சரி, ஆடிட் பண்ணிப் பார்ப்போமே. ஒரு தடவைக்கு வெளியேறுவது சராசரியாக மூன்று மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீஸ்பூனுக்கும் குறைவு. நாற்பதால் பெருக்கினால் 120 மில்லி ரத்தம். புதுசாகக் கல்யாணமான ஒருத்தர், அடக்கமான ஆள், வாரத்துக்கு மூன்று தடவை என்றால் மாசம் பன்னிரண்டு. ஆக 1,440 மில்லி. ஒரு மனுஷன் உடம்பில் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். ரத்த வங்கியில் 350 மில்லி எடுத்துவிட்டு 'மூணு மாசம் கழிச்சு வாங்க' என்று பிஸ்கட் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்தக் கணக்குப்படி நம்ம மாப்பிள்ளை நாலாவது மாசம் தாண்ட மாட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே கருமாதிப் பத்திரிகையையும் சேர்த்து அடித்துவிட்டால் பிரஸ்ஸில் டிஸ்கவுன்ட் கேட்கலாம்.

நம்ம தாத்தா பாட்டிகள் எட்டு பத்து பெற்று, எண்பது வயசு வரை கேழ்வரகுக் களி தின்றுகொண்டு திடகாத்திரமாக இருந்தார்களே... அவர்கள் எந்த பாங்கில் ரத்தம் ஓவர்டிராஃப்ட் வாங்கினார்கள்?

உண்மையான சரக்குப் பட்டியலைப் பாருங்கள். அந்த மூன்று மில்லியில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் துத்தநாகம், ஒரே ஒரு வேர்க்கடலையில் இருக்கிற அளவுக்குப் புரதம். முக்கால்வாசி திரவத்தை விந்துப்பை என்கிற சுரப்பி தயாரிக்கிறது. மிச்சத்தில் பெரும் பங்கு பிராஸ்டேட் சுரப்பியின் உபயம். விதைப்பையிலிருந்து வருகிற உயிரணுக்கள் அதில் சில சதவீதம்தான். அந்த உயிரணுக்களும் ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று லீவே இல்லாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பேட்ச் தயாராக ஏறக்குறைய இரண்டரை மாசம். டெலிவரி ஆகாத சரக்கை உடம்பே உடைத்து உறிஞ்சிக்கொள்ளும், இல்லையென்றால் தூக்கத்தில் வெளியே அனுப்பிவிடும். 'சொப்பன ஸ்கலிதம்' என்று வியாதிப் பெயர் சூட்டிப் பயமுறுத்துகிறார்களே, அது இதுதான். வட்டி போட்டுச் சேர்த்து வைக்கிற ஃபிக்சட் டெபாசிட் எதுவும் உள்ளே கிடையாது.

அப்படியானால் இந்த நாற்பது எங்கிருந்து வந்தது? உணவு சாரமாகி, ரத்தமாகி, சதையாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மூளையாகி, ஏழாவதாகச் சுக்கிலமாகிறது என்பது சித்த, ஆயுர்வேத நூல்களின் ஏழு தாதுக் கொள்கை. மைக்ராஸ்கோப் இல்லாத காலத்தில் யோசித்தவர்கள். அவர்களைக் கிண்டல் பண்ண எனக்குத் தகுதியில்லை. கடைசியில் வருவது என்பதால் அதுதான் விலை உசத்தி என்று பின்னால் வந்தவர்கள் ரேட் போட்டார்கள். ஆனால் இது நம்ம ஊர்ப் பைத்தியம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில் டிஸ்ஸோ என்று ஒரு டாக்டர். 1760-ல் சுய இன்பத்தைப் பற்றி ஒரு பயங்கரமான புஸ்தகம் போட்டார். ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதை விட மோசம் என்பது அவர் கட்சி. அதே நாற்பது! ஐரோப்பாவே நூறு வருஷத்துக்கு மேல் நடுங்கியது. அமெரிக்காவில் டாக்டர் கெல்லாக், அதான் ஸார், கார்ன்ஃப்ளேக்ஸ் கெல்லாக் சகோதரர்களில் மூத்தவர், காரசாரமாகச் சாப்பிட்டால் ஆசை கிளம்பும், சப்பென்று சாப்பிட்டால் அடங்கும் என்று பிரசாரமே செய்தார். வெள்ளைக்காரன் அதிலிருந்து மீண்டுவிட்டான். நாம் இன்னும் நாற்பதை விடவில்லை.

பிரம்மசரியத்தைப் பழிக்க நான் வரவில்லை. காந்தி 1906-ல் விரதம் எடுத்தார், நாலு பிள்ளைகளுக்குப் பிறகு, யோசித்து, ஒரு லட்சியத்துக்காக. நம்ம பத்தமடையில் பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்து, ரிஷிகேஷ் போய்த் துறவியான சுவாமி சிவானந்தர் பிரம்மசரியம் பற்றிப் புஸ்தகமே எழுதினார். அது அவர்கள் தேர்ந்தெடுத்த வாழ்க்கை. ஓசூர் சிப்காட்டில் மூன்று பேர் ஒரே ரூமில் படுத்துக்கொண்டு, செல்போனைப் பார்த்துப் பயந்து விரதம் இருப்பது வேறு ஜாதி.

அப்படி ஒரு பையன் என்னிடம் வந்தான். எங்கள் சாமல்பட்டிக்காரன். ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையில் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுகிற ஸ்டேஷன் எங்கள் ஊர். படித்து முடித்த பையன்கள் கிருஷ்ணகிரி போய், பஸ் மாறி, ஓசூரில் ஏதாவது கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்வது வழக்கம். ஊரில் ஒருத்தன் பி.காம். என்றால் அவன்தான் எல்லோருக்கும் இலவச ஆடிட்டர். பையன் பி.எஃப். அட்வான்ஸ் எடுக்க வேண்டும் என்றான்.

"எதுக்குப்பா?"

"உடம்பு சரியில்லண்ணா."

"என்ன உடம்புக்கு?"

ரொம்ப நேரம் ஃபேனைப் பார்த்தான். அப்புறம்தான் வந்தது. போனில் எவனோ, தொண்ணூறு நாள் அடக்கினால் முகத்தில் தேஜஸ், குரலில் கம்பீரம், இன்டர்வியூவில் வெற்றி என்று சொல்லியிருக்கிறான். நம்ம ஆள் இருபத்து மூன்று நாள் ஓட்டிவிட்டான். இருபத்து நாலாம் நாள் விடிகாலை, தூக்கத்தில் தானாகவே போய்விட்டது. மனசு உடைந்துவிட்டது. முதுகு வலி, சோர்வு, சிறுநீர் வெள்ளையாகப் போகிற மாதிரி ஒரு பயம். ஒரு லாட்ஜில் மாசா மாசம் முகாம் போடுகிற ஆசாமியிடம் போயிருக்கிறான். அவர் நாடி பிடித்து, நெற்றியைச் சுருக்கி, "தம்பி, நீங்க லேட்டா வந்துட்டீங்க" என்றாராம். மூன்று மாச கோர்ஸ். மாசம் ஆறாயிரம். கான்ட்ராக்ட் சம்பளத்தில் அது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

"வீட்ல பொண்ணு பாக்கறாங்கண்ணா. நான்தான் வேணாம்னு தள்ளிப் போட்டுட்டே வரேன். ஒரு பொண்ணு வாழ்க்கைய ஏன் கெடுக்கணும்?"

எனக்கு அதுவரை இருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. இருபத்தாறு வயசு. ஒரு வியாதியும் இல்லாமல் வாழ்க்கையையே மூட்டை கட்டி வைத்திருக்கிறான்.

இந்தப் பயத்துக்கே மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. 'தாது நோய்க்குறி'. 1960-ல் டாக்டர் என்.என்.விக் என்கிற நம்ம நாட்டு மனநல மருத்துவர் சூட்டிய பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் பத்தாவது பதிப்பில் மனநலப் பகுதியில் இடம் பிடித்தது. விந்து போவதால் உடம்பு கெடுகிறது என்கிற அதீதக் கவலையால் வருகிற சோர்வு, வலி, பதற்றம். வலி பொய்யில்லை, நிஜமாகவே வலிக்கும். காரணம்தான் தப்பு. சிறுநீர் வெள்ளையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு போதும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் அது தொற்று. அதற்கு வேறு வைத்தியம்.

அடக்கினால் லாபமே இல்லையா என்பீர்கள். போன் குருமார்கள் எல்லாரும் தூக்கிப் பிடிப்பது 2003-ல் சீனாவில் வெளியான ஒரு சின்ன ஆராய்ச்சி. 28 பேர். ஏழாம் நாள் ஆண் ஹார்மோன் எகிறியது என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதற்கப்புறம் எத்தனை நாள் இருந்தாலும் மேற்கொண்டு ஏறவில்லை என்று அதே கட்டுரையில் இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டார்கள். ஏழாம் நாளோடு தீர்ந்துபோகிற சரக்குக்குத் தொண்ணூறு நாள் சந்தா எதற்கு? ராத்திரி ரெண்டு மணி வரை போனில் கண்டதைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவன் அதை நிறுத்தினால் தெளிவாகத்தான் இருப்பான். அந்தப் புண்ணியம் தூக்கத்தைச் சேரும்.

நஷ்டம்? அடக்குவதாலும் உடம்புக்குப் பெரிய கேடு கிடையாது. ஒன்றே ஒன்று. 2016-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் ஏறக்குறைய 32,000 ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். மாசத்துக்கு 21 தடவைக்கு மேல் வெளியேற்றியவர்களுக்கு, 4 முதல் 7 தடவைக்காரர்களை விட, பிராஸ்டேட் புற்றுநோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அதனால் யாரும் காலண்டரில் டிக் போட ஆரம்பிக்க வேண்டாம். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் மட்டும் கவனிக்க: வாரக் கணக்கில் சேர்த்து வைத்தால் உயிரணு பலமாகும் என்பது தப்பு. பழைய ஸ்டாக்கின் வேகம் குறையும். விந்துப் பரிசோதனைக்கே இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளிதான் கேட்கிறார்கள்.

நிஜமான ஆபத்து லேகிய டப்பாவில் இருக்கிறது. லேபிள் இல்லாத பஸ்பத்தில் ஈயம் இருக்கலாம், பாதரசம் இருக்கலாம். சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் அது எமன். முறையாகச் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர்களைச் சொல்லவில்லை. அவர்களே இந்த லாட்ஜ் கோஷ்டியைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆண்மையைப் பெருக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கு ஆறு மாசம் வரை ஜெயில். அப்புறமும் 'இளமையில் செய்த தவறுகளால்...' என்று ஆரம்பிக்கும் விளம்பரம் வராத காலம் எது? வாரப் பத்திரிகையில் வந்தது, நள்ளிரவு டி.வி.யில் வந்தது, இப்போது உள்ளங்கையிலேயே வருகிறது. டாக்டர் மாத்ருபூதம் விஜய் டி.வி.யில் 'புதிரா புனிதமா' நடத்தி, சிரிக்கச் சிரிக்க இதையெல்லாம் போட்டு உடைத்தார். வீட்டில் எல்லோரும் தூங்கினபிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள்.

பையனை அரசு ஆஸ்பத்திரியில் மனநல ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் "மெண்டல் டாக்டராண்ணா?" என்று திரும்பப் பார்த்தான். "கணக்கு டாக்டர், வா" என்று இழுத்துப் போனேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். நார்மல். ஷிஃப்ட் மாறி மாறி அஞ்சு மணி நேரத் தூக்கம், ராத்திரி தினமும் புரோட்டா. டாக்டர் இருபது நிமிஷம் உட்கார வைத்துப் பேசினார், மறுபடி ரெண்டு தடவை வரச் சொன்னார். மொத்தச் செலவு பஸ் சார்ஜும் ரெண்டு டீயும். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416-க்கு போன் பண்ணலாம். டெலி-மானஸ், மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த இலவச மனநல சேவை. பேர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பி.எஃப். விண்ணப்பம் போடவில்லை. போன வாரம் போன் பண்ணினான்.

"அண்ணா, ரெண்டு டப்பா லேகியம் மீதி இருக்கு. காசு குடுத்து வாங்கினதாச்சே... தூக்கிப் போட மனசு வரல."

"கம்பெனியில தேறாத பாக்கிய என்ன பண்ணுவாங்க?"

"தெரியலண்ணா."

"வாராக்கடன்னு எழுதி மூடிடுவாங்க. நீ அதுக்கு முன்னாடி ரெண்டு டப்பாவையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு வா, உள்ளே என்ன இருக்குன்னு அவர் பார்க்கட்டும்."