எந்த ஒலிவாங்கி நமக்கு ஏற்றது?

மன்றத்தின் சென்ற கூட்டத்தில் நடந்த சொற்போரை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மன்ற அறையின் ஒரு மூலையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்குவது என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால், அதற்கு எந்த ஒலிவாங்கியை வாங்குவது என்ற கேள்வி எழுந்ததோ இல்லையோ, அவை இரு கூறாகப் பிரிந்துவிட்டது. “வாங்குவது என்று துணிந்தபின் உயர்ந்ததாகவே ஒன்று வாங்குவோம், பத்தாண்டுக்குக் கவலையில்லை” என்றனர் ஒரு சாரார். “பணம் எங்கே?” என்றார் பொருளாளர். அவருக்கு விடை கூற ஒருவரும் முன்வராமையால் முடிவு அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் என் கருத்தை எழுத்தில் வைத்துவிட விரும்புகிறேன்.

விலையுயர்ந்த ஒன்று வேண்டா. எளிய விலையில் மூன்று வேண்டும். அவையும் பூட்டிய அலமாரிக்குள் உறங்கலாகாது. விடுமுறைதோறும் மாணவர் பையில் ஏறி ஊருக்குப் போய்வரவேண்டும். எந்த ஊருக்கு என்று கேட்டால், முதற்கண் எங்கள் கொள்ளேகாலுக்கு என்பேன். ஊர்ப்பற்று என்று நகைப்போர் நகைக்கட்டும்; காரணம் பின்னர் வரும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். கடையில் நாம் காணும் ஒலிவாங்கிகளைப் பெரும்பாலும் இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று ‘டைனமிக்’. மெல்லிய தகடு, அதன் பின்னே ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம்: அவ்வளவுதான். குரல் தகட்டை அசைக்கிறது, சுருள் காந்தப் புலத்தில் அசைகிறது, மின்னோட்டம் பிறக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டவேண்டுவதில்லை. கீழே விழுந்தாலும் எளிதில் சாவதில்லை. பொதுக்கூட்ட மேடைகளில் பேச்சாளர் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களே, அந்த ‘மைக்’ பெரும்பாலும் இவ்வினமே. ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 என்பது 1966-இல் வெளிவந்தது. இன்னும் விற்பனையில் இருக்கிறது. (அதன் பெயரில் போலிகளும் ஏராளம். பாதி விலைக்குத் தருவதாக எவரேனும் கூறினால், அன்பர்களே, ஐயுறுக.)

மற்றொன்று ‘கண்டென்சர்’. மின்னூட்டம் பெற்ற இரு தகடுகள் நெருங்கி நிற்கும். ஒன்று அதிர, இடைவெளி மாறும். அம்மாற்றம் மின்குறியாக வெளிவரும். கூடத்தில் வைக்கும் பெரிய வகைக்குப் பெரும்பாலும் 48 வோல்ட்டு மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். இதனை அறியாது வாங்கிக் கணிப்பொறியில் நேரே செருகிவிட்டு, ‘ஊமையாக இருக்கிறதே’ என்று கலங்கியவர்கள் நம் விடுதியிலேயே இருவர். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1967-இல் கொணர்ந்த யூ 87 இவ்வகையின் அரசு. விலை இலட்சங்களில். அதைப் பார்த்துத்தான் நம்மவர் சிலர் கனவு காண்கின்றனர்.

கண்டென்சர் கூருணர்வு மிக்கது; மறுக்கவில்லை. குரலின் நுண்மைகளை எல்லாம் வாரிக்கொள்ளும். ஆனால், அறையில் உள்ள ஏனையவற்றையும் வாரிக்கொள்ளுமே! மேலே சுழலும் மின்விசிறி, அடுத்த வீட்டுக் குக்கரின் சீழ்க்கை, தெருவில் போகும் மோட்டார் சைக்கிள், வெறுஞ்சுவரில் மோதி மீளும் எதிரொலி ஆகிய அனைத்தையும் பாடகரின் குரலோடு சேர்த்துத் தரும். இலட்சக்கணக்கில் செலவிட்டுச் சுவரைப் பண்படுத்திய கூடத்தில் அது கோலோச்சட்டும். நம் மன்ற அறையோ மொசைக் தரையும் கண்ணாடிச் சன்னலும் உடையது. ஒருவர் தும்மினால் மூவர் தும்மியதுபோல் கேட்கும்.

இங்கே ஒரு கணக்கை நினைவில் கொள்ளுதல் நன்று. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இரு மடங்கானால் நேரே வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. அறையின் இரைச்சலோ அப்படியே நிற்கிறது. ஆகவே இரண்டடியிலிருந்து ஓரடிக்கு நெருங்குவதால் கிடைக்கும் தெளிவு செலவில்லாதது. ஒரு சாண் தொலைவில் வைத்த எளிய டைனமிக், நான்கடிக்கு அப்பால் நிற்கும் விலையுயர்ந்த கண்டென்சரை நம் அறையில் வென்றுவிடும். ஐயமுடையோர் ஒருநாள் மாலை வருக; செய்து காட்டுவோம். மீதிப் பணத்தில் இரண்டு தடித்த கம்பளி வாங்கிப் பாடுபவரின் பின்னேயும் பக்கத்திலும் தொங்கவிட்டால் பாதிக் கூடம் ஆயிற்று. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன்முன் அமர்ந்து பேசிப் பதிவு செய்வாரும் உளர். சிரிக்கவேண்டா, பயன் தரும் வழி அது.

“தரம், தரம்” என்று முழங்கும் நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 அதிர்வெண் வரையில் மட்டுமே குரலைச் சுமந்தது. அந்தக் குறுகிய வழியிலும் பாட்டி சொன்ன ‘பழம்’ நமக்குப் ‘பழம்’ என்றே கேட்டது. லகர, ளகர, ழகரங்களைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகளில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சகரத்தின் சீறலுக்குச் சற்று மேலே போகவேண்டும். அதனையும் இன்றைய எளிய ஒலிவாங்கி எட்டிப் பிடிக்கிறது. மற்றுமொரு நன்மை நம் மொழிக்கே உரியது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ‘ப’ ஒலி காற்றை ஊதித் தகட்டில் ‘படார்’ என அறையும். தமிழின் பகரத்தில் அவ்வளவு மூச்சு இல்லை. ஒலிவாங்கியைச் சற்றே சாய்த்து வைத்தால் போதும்; வலைத்திரைக்குத் தனியே பணம் கொட்டவேண்டுவதில்லை.

பணம் குறைவு, இடம் குறைவு என்று தயங்குவோர் இந்த மைசூரின் வரலாற்றையே புரட்டிப் பார்க்கலாம். மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அவருடைய ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் 30 வாட்டு. இன்று ஓர் அறை விளக்கே அதைவிட மிகுதியாக எரிவதுண்டு! அந்த வீட்டு நிலையத்துக்குச் சூட்டப்பட்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் பின்னாளில் நாட்டு வானொலிக்கே பெயராயிற்று. பேராசிரியர் சிறந்த கருவி வரட்டும் என்று காத்திருந்தாரா? இருந்த அறையில், கிடைத்த கருவியோடு தொடங்கினார்.

இனிக் கொள்ளேகாலுக்கு வருவோம். இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை நண்பர்கள் அறிவர். ஆனால், 1956 நவம்பர் 1-ஆம் நாள்வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது அது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதன் பகுதியாயிற்று. கன்னடம் பெரும்பான்மையான வட்டம், சேர்ந்தது முறையே. எல்லையைப் பற்றி எனக்கு வழக்கில்லை. என் கவலை வேறு.

கோயம்புத்தூர் தலைநகராக இருந்த அந்நாளில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சத்தியமங்கலத்தோடும் கோபியோடும் நடந்தன. அங்கிருந்து மணமாகி வந்த பெண்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் நலுங்குப் பாட்டையும் உடன் கொணர்ந்தனர். அவர்கள் வீட்டில் பிறந்து, 1956-இல் பத்து வயதுச் சிறுமியாக அவற்றைக் கேட்டவர் இன்று எண்பதைத் தொடுகிறார். அவர் பேச்சில் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். தொடங்கியது எம்மொழி, முடிந்தது எம்மொழி என்று அவருக்கே தெரியாது. அந்தப் பேச்சை அவர் பேரன் பேசுவதில்லை. பேத்தி கேட்டால் சிரிக்கிறாள். எங்கள் தெருவில் இத்தகைய முதியவர் நால்வர் இருந்தனர். நான் இங்குப் படிக்க வந்தபின் இருவர் மறைந்துவிட்டனர். அவர்களுள் ஒரு பாட்டியார் பாடிய நடவுப் பாட்டில் எங்களுக்கு நினைவில் நிற்பது இரண்டு அடி. அதிலும் மெட்டு ஆளுக்கொன்றாக இருக்கிறது.

இந்தியமொழிகள் நடுவண் நிறுவனம் 1969 முதல் இந்நகரிலேயே இருக்கிறதே, ஆய்வாளர் பார்த்துக்கொள்ளமாட்டார்களா என்று கேட்கலாம். ஆய்வாளர் அரிய பணி புரிகின்றனர், ஐயமில்லை. ஆயினும் கொள்ளேகால் தெருவொன்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் வாய்க்கு வந்தபடி பாடும் பாட்டியாரிடம் எந்த ஆய்வாளர் எந்நாளில் வந்து அமர்வார்? பேரன் அமரலாம், அவனுக்கு முன்அனுமதிக் கடிதம் வேண்டா. பாட்டியாரின் சம்மதம் மட்டும் வேண்டும்; அதைக் கேட்டே பெறவேண்டும்.

இங்கேதான் பெரிய ஒலிவாங்கி தோற்கிறது. பளபளக்கும் தூண் ஒன்றை எதிரே நாட்டி, கறுப்பு வலையைக் கட்டி, “பாடுங்கள் ஆத்தா” என்றால் அவர் பாடுவாரா? வாயடைத்துப் போவார், அல்லது வானொலியில் கேட்ட மேடைத் தமிழில் “அனைவருக்கும் வணக்கம்” என்று தொடங்கிவிடுவார்! சட்டையிலோ சேலை முந்தியிலோ மாட்டும் சிறு ஒலிவாங்கியானால் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். போயா பி.ஒய்.-எம்1 போன்றவை 6 மீட்டர் கம்பியோடு வருகின்றன; பாட்டியார் திண்ணையிலும் நாம் முற்றத்திலும் அமரலாம். எத்திசை ஒலியையும் ஏற்பதும், துணி உராய்ந்தால் கரகரப்பதும் இவற்றின் குறைகள். பேச்சுக்கு இதைக் கொள்ளலாம். பாட்டுக்கு டைனமிக்கே என் தேர்வு. முன்பக்க ஒலியை மிகுதியாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் இயல்புடையதாகப் பார்த்து வாங்கி, அதன் முதுகைத் தறிச் சத்தத்துக்கோ விசிறிக்கோ காட்டி வைத்தால் பாதித் தொல்லை அகலும்.

மாதேசுவரன் மலைக் கதையைக் கம்சாளே கலைஞர்கள் பாடுவதைக் கேட்டவர்க்கு ஒன்று புரியும். அந்த வெண்கலத் தாளம் அறையும் வேகத்தில் கூருணர்வுக் கருவியும் அதன்பின் உள்ள பெட்டியும் திணறிப்போகும். உச்சியில் நறுக்குண்ட ஒலியைப் பின்னர் எந்தத் திறமையாலும் செம்மையாக மீட்கமுடியாது. டைனமிக் அதைத் தாங்கும். நாம் செய்யவேண்டியது, இரண்டு கை தள்ளி நின்று அளவைக் குறைத்து வைப்பதுதான். அக்கதை கன்னடத்தில் பாடப்படுவது. அதனால் என்ன? மலைக்கு நடந்து வரும் அடியாருள் சேலம், ஈரோட்டுத் தமிழரும் உளர்.

“கையிலுள்ள தொலைபேசியே போதுமே” என்பாரும் இருப்பர். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். இருப்பினும் உரையாடலுக்கெனச் செய்த அமைப்பு இடைவிடாது ஒலிப்பதை இரைச்சல் என்று கருதி அழிக்க முயலும். தம்பூராவின் சுருதியும் அதற்கு இரைச்சலே. மெல்லப் பாடினால் தானே உயர்த்தும், உரக்கப் பாடினால் தானே தாழ்த்தும். எனவே அந்த வசதிகளை நிறுத்திவைக்கும் பதிவுச் செயலியும் வெளியிலிருந்து செருகும் ஒலிவாங்கியும் தேவை.

“குறைந்த தரப் பதிவை யார் கேட்பார்?” என்பது எதிர்த்தரப்பின் கடைசி வினா. ஆங்கில ஆட்சியில் கிரியர்சன் நடத்திய மொழிக் கணக்கெடுப்புக்காக 1913 முதல் 1929 வரை நம் நாட்டு மொழிகள் பல இசைத்தட்டில் பதிவாயின. தொடங்கியபோது மின் ஒலிவாங்கியால் இசைத்தட்டுப் பதிவு செய்யும் முறையே வரவில்லை. அது வந்தது 1925-இல். கரகரப்போடு கூடிய அக்குரல்களை அறிஞர் இன்றும் தேடிக் கேட்கின்றனர்.

ஆகவே பொதுக்குழுவில் நான் முன்மொழியப்போவது இதுவே. கணிப்பொறியோடு நேரே இணையும் யூஎஸ்பி வாயும், பின்னாளில் நல்ல பெட்டியோடு இணைக்கும் வாயும் ஒருங்கே உடைய டைனமிக் ஒலிவாங்கிகள் இரண்டு. சாம்சன் க்யூ2யூ அவ்வினத்தது, செவியில் மாட்டிக் கேட்கவும் அதில் வழியுண்டு. முந்தியில் மாட்டுவது ஒன்று. கம்பளி இரண்டு. பெரிய கூட்டுக்குள் சிறு வில்லையை வைத்து ‘ஸ்டுடியோ’ என்று எழுதி விற்பவை வேண்டவே வேண்டா. பதிவைச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைக்கவேண்டும்; ஒற்றைத் தடத்தில் ஒரு மணிக்கு ஏறத்தாழ 320 மெகாபைட்டு ஆகும், இன்றைய நிலையில் அது பெரிதன்று. பாடியவர் பெயரை அவர் விரும்பினால் மட்டுமே எழுதுவோம். ஊரும் நாளும் கட்டாயம். இரவல் குறிப்பேட்டைப் பொருளாளர் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த விடுமுறைக்கு முதல் ஒலிவாங்கியை எனக்கே தரவேண்டும் என்று கேட்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். தாளவாடிக்கும் அனூருக்கும் போகும் நண்பர்கள் மற்றவற்றுக்குப் பெயர் கொடுக்கலாம். வழிமொழிய விரும்புவோர் கூட்டத்துக்கு முன் என்னைக் காண்க.