பாஸ்கரனும் போலந்தும்

எங்க பக்கம் ஹாக்கி என்றால் கோவில்பட்டி. அங்கே போய் வி.பாஸ்கரன் என்று சொன்னால் 1980 மாஸ்கோ தங்கம் என்பார்கள். சென்னைக்காரர், அந்த அணியின் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்தார்கள். ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்கு அதற்கப்புறம் தங்கமே இல்லை.

அவரே பயிற்சியாளராக 2000 சிட்னிக்குப் போனார். போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை வேறு. முடிய ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும்போது போலந்து ஒரு கோல் போட்டது. போச்சு! கடைசியில் ஏழாவது இடம். 2006 உலகக் கோப்பையில் இன்னும் மோசம், 12 அணிகளில் 11வது. உடனே 'நல்ல ஆட்டக்காரர், பயிற்சியாளராகத் தேறவில்லை' என்று முடித்துவிடுகிறோம்.

ஒரு விஷயம் பாருங்க. மாஸ்கோவிலும் இதே போலந்துடன் 2-2 டிராதான். பல நாடுகள் வராததால் அப்போது மொத்தமே 6 அணிகள். தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று ஜெயித்து இறுதிக்குப் போக முடிந்தது. சிட்னியில் 12 அணிகள், அந்தச் சலுகை இல்லை. (தங்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை சாமி, அடிக்க வராதீங்க!)

கேப்டனுக்கு அடித்த அதிர்ஷ்டத்தை அவர் கணக்கில் வரவு வைத்தோம். பயிற்சியாளருக்கு வந்த துரதிர்ஷ்டத்தையும் அவர் கணக்கிலேயே பற்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2006-க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சிட்னியை மட்டும் அவர் தலையில் கட்டாதீங்க.